உப்பளத்துக் கொட்டகையில் மூன்று மணி நேரம்

ஓடுகிறாள். வரப்பில் இல்லை. பாத்திக்குள்ளேயே ஓடுகிறாள். விளைந்த உப்பு அவள் காலடியில் நொறுங்குகிறது. இவ்வளவு தூரத்தில் எனக்குக் கேட்கிறது. கண்ணாடி உடைகிற மாதிரி.

பங்குனி மாதம். ஞாயிற்றுக்கிழமை. பின்னேரம் நான்கு பத்து. மரக்காணம் உப்பளம். பின்னால் ரோட்டில் சாவு ஊர்வலம் போகிறது. மேளம். சரவெடி. நடுவே பெரிய வேட்டு, ஒவ்வொன்றாக. ஒவ்வொரு வேட்டுக்கும் அவள் குனிகிறாள். இரண்டு கையாலும் தலையை மூடுகிறாள். மறுபடி ஓடுகிறாள்.

அவள் பெயர் நிலானி. வயது இருபத்தொன்று. வன்னியில் போர் முடிந்தபோது அவளுக்கு ஐந்து.

"டேய்! யார்டா அது பாத்தியில? புடிங்கடா!"

உப்பள மேஸ்திரியின் குரல். மூன்று ஆட்கள் உப்பு வாரும் பலகையைப் போட்டுவிட்டு ஓடுகிறார்கள்.

"நிலானி, நில்! அது செத்த வீட்டு வெடி! வெடிதான்!"

இதை நான் கத்தினேன் என்று நினைத்தேன். சத்தம் வெளியே வரவில்லை. அடுத்த வேட்டு வெடித்தபோது நானும் வரப்பில் குப்புறக் கிடந்தேன். வாயில் மண். உப்பு.

நான் வதனி. அந்தப் போரில் எனக்குப் பதின்மூன்று வயது. கடலோரக் களப்பில், இடுப்பளவு உப்புத் தண்ணீரில் நடந்துகொண்டிருந்தோம். முதலில் தூரத்தில் 'டும்' என்று குத்தும் சத்தம். பிறகு ஷெல் வருகிற கூவல். நாங்கள் எண்ணுவோம். ஒன்று. இரண்டு. மூன்று. தம்பியின் கை என் கையில் இருந்தது. "தாழுங்கோ! தண்ணிக்குள்ள தாழுங்கோ!" யாரோ கத்தினார்கள். தாழ்ந்தேன். எழும்பினேன். கை வெறுங்கை. அவனுக்கு ஒன்பது வயது. நான் தேடவில்லை. பின்னால் வந்த சனம் தள்ளியது. நடந்தேன்.

பிறகு படகு. பிறகு இந்தக் கடற்கரை முகாம். அகதி என்று அட்டை தந்தார்கள். இன்றும் அதே அட்டைதான்.

நான் மருத்துவர் இல்லை. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் மனநல உதவிக்கு நான்கு நாள் பயிற்சி கொடுத்தார்கள். "உங்களுக்கு நடந்ததுதான் முகாமில் இருக்கிற மற்றப் பிள்ளைகளுக்கும் நடந்தது. பக்கத்தில் இருங்கள். கேளுங்கள். ஆபத்து என்று பட்டால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வாருங்கள்." இவ்வளவுதான் என் வேலை. முகாமின் பழைய பண்டக அறையில் ஞாயிறுதோறும் கூடினோம். ஐந்து பிள்ளைகள். நான் ஆறாவது. என்ன நடந்தது என்று யாரும் யாரையும் கேட்கக் கூடாது. சொல்ல வந்தால் சொல்லலாம். சில ஞாயிறு தேத்தண்ணி மட்டும் குடித்துவிட்டுப் போவோம்.

அதுவும் முகாம் நிர்வாகத்துக்குப் பிடிக்கவில்லை. மாசியில் முகாம் அதிகாரி வந்தார்.

"யாரக் கேட்டு இங்க கூட்டம் போடற? சங்கமா இது? நாளைக்கி மேல இருக்கறவங்க என்னத்தான் கேப்பாங்க."

அறைக்குப் பூட்டு விழுந்தது. எங்கள் சனமும் அவர் பக்கம்தான். நிலானியின் அம்மா என் வாசலில் நின்று சத்தம் போட்டார். "விசர்க் கூட்டம் எண்டு பேர் விழுந்திட்டுது. இனி ஆர் இவளைக் கட்டுவினம்?"

கூட்டம் சிதறியது. இந்த ஞாயிறு உப்பள வரப்பில் நடந்து பேசலாம் என்று ஐந்து பேருக்கும் சொல்லியிருந்தேன். வந்தது நிலானி மட்டும்.

ஐந்து பேரில் ஜெனாவுக்காகத்தான் அதிகம் காத்திருந்தேன். இருபத்து மூன்று வயது. பொறியியல் படித்தவன். வேலைக்குப் போன இடங்களில் குடியுரிமை கேட்டார்கள். இல்லை. அதனால் பெயின்ட் அடித்தான். வியாழக்கிழமை தண்ணீர்க் குழாயடியில் என்னிடம் சொன்னான். "அக்கா, நித்திரை இல்லை. நாலு நாளாச்சு." எனக்குக் குடம் நிறைந்துவிட்டது. பின்னால் ஆட்கள் நின்றார்கள். "ஞாயிறு வா, இருந்து கதைப்பம்" என்றேன். அவனை அப்படியே விட்டுவிட்டு வந்தேன்.

நிலானியைப் பிடித்துவிட்டார்கள். இரண்டு பேர் கையை முறுக்கி இழுத்து வருகிறார்கள். அவள் கத்தவில்லை. கண் திறந்திருக்கிறது. எதையும் பார்க்கவில்லை. உள்ளங்கால் இரண்டும் உப்பில் கிழிந்து இரத்தம்.

எழுந்து ஓடினேன்.

"அண்ணே, விடுங்கோ. அவளுக்கு வெடிச் சத்தம் பயம். சண்டைக்குள்ள இருந்து வந்த பிள்ளை."

"ஒரு வாரமா விளைஞ்ச உப்புடி! அகதிங்களுக்கு எடம் குடுத்தா பாத்தியில ஏறி ஆடுதுங்க." மேஸ்திரி என் முகத்துக்கு நேரே கத்தினார். ஆளைக் கூப்பிடலாம் என்று போனை எடுத்தேன். "என்னா, போட்டோ புடிக்கிறியா? குடுடி!" பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "முகாம் ஆபீசர் வர்ற வரைக்கும் ரெண்டு பேரும் இங்கதான்."

மோட்டார் கொட்டகை. தகரக் கூரை. உள்ளே தள்ளினார்கள். மேஸ்திரி வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார்.

நிலானி மூலையில் சுருண்டாள். பங்கர்க் குழிக்குள் உட்காருவது போல. முழங்காலுக்குள் தலை. நான் அவள் முதுகோடு என் முதுகைச் சேர்த்து உட்கார்ந்தேன். எனக்கும் உடம்பு நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. எந்த நடுக்கம் யாருடையது என்று தெரியவில்லை. கேட்கிற ஒவ்வொரு சத்தத்துக்கும் பெயர் சொன்னேன். "இது மோட்டார். இது பஸ். இது காகம். இது நான்."

உப்பு வாரும் பெண் ஒருத்தி வாசலில் நின்றாள். "ஏம்ப்பா, அந்தப் பொண்ணு கால்ல ரத்தம் வருது. வுட்ருப்பா."

"நீ போயி வேலயப் பாரு."

போய்விட்டாள். கொஞ்சம் கழித்து ஒரு சொம்புத் தண்ணீரை உள்ளே தள்ளி வைத்தாள். எங்களைப் பார்க்கவில்லை. அந்தத் தண்ணீரில் நிலானியின் காலைக் கழுவினேன்.

நான்கு ஐம்பது. சுவரில் கடிகாரம் இருந்தது. என் போன் அடிக்கிறது. மேஸ்திரியின் பையில். அவர் எடுத்துப் பார்த்துவிட்டு அமர்த்தினார்.

ஐந்து ஐந்து. மறுபடி அடிக்கிறது.

"அண்ணே, ஆரெண்டு மட்டும் பாத்துச் சொல்லுங்கோ."

"ஆளக் கூட்டியாரப் போறியா? சும்மா குந்து."

ஐந்து இருபது. இரண்டே தடவை மணி அடித்தது. அவர் தொடுவதற்குள் நின்றுவிட்டது. ஞாயிறு என்று நான் யாருக்குச் சொன்னேன் என்பது அப்போதுதான் உறைத்தது. எழுந்தேன். அவர் கையைப் பிடித்தேன். "அண்ணே, உங்கட காலில விழுறன். ஒருக்கா எடுக்க விடுங்கோ. ஒரு பெடியன். அவனுக்குச் சுகமில்லை." கையை உதறினார். தகரத்தில் போய் விழுந்தேன். நிலானி வீறிட்டாள். அவளிடம் திரும்பினேன். வேறு என்ன செய்ய.

ஆறு இரண்டு. நான்காவது தடவை. முழுதாக அடித்தது. கடைசிவரை அடித்து ஓய்ந்தது. அவர் அமர்த்தவில்லை. பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

பிறகு அடிக்கவில்லை.

ஏழு பத்துக்கு அதிகாரி வந்தார். கையில் ஒரு தாள். இனி எந்தக் கூட்டமும் கூட்ட மாட்டேன் என்று எழுதியிருக்கிறது என்றார். கையெழுத்துப் போட்டேன். படித்துப் பார்க்கக்கூட இல்லை. போன் தந்தார்கள். நான்கு அழைப்பும் ஜெனா.

திருப்பிக் கூப்பிட்டேன். மணி போகிறது. எடுக்கவில்லை. நிலானியை அவள் அம்மாவிடம் விட்டேன். ஓடினேன். அவன் வீட்டு வாசலில் சனம். யாரும் அழவில்லை. அழுகைச் சத்தம் இல்லை என்பதால் நேரத்துக்கு வந்துவிட்டேன் என்று நினைத்தேன். அவர்கள் அழுது முடித்திருந்தார்கள். ஜெனா தன் உயிரைத் தானே மாய்த்துவிட்டான்.

எட்டாம் நாள் சடங்குக்கு, எட்டுச் செலவுக்குப் போனேன். ஜெனாவின் அப்பா எழுந்து வந்தார். "உன்னோட கதைக்கப் போய்த்தான் என்ர பிள்ளை கெட்டுப்போனான். போ." கதவைச் சாத்தினார். அவர் சொன்னது சரியில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் திரும்பி நடந்தேன். குழாயடியில் நின்ற பெண்கள் நான் போனதும் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். மேஸ்திரியை யாரும் எதுவும் கேட்கவில்லை. ஜெனா போன அடுத்த நாளும் அவர் உப்பளத்துக்கு வேலைக்குப் போனார்.

நிலானி பதினெட்டு நாள் பேசவில்லை. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்கு இரண்டு முறை கூட்டிப்போனேன். அவள் அம்மாவும் வந்தார். பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காரவில்லை. ஆனால் வந்தார். பத்தொன்பதாம் நாள் நிலானி என் வாசலுக்கு வந்தாள். காலில் இன்னும் கட்டு.

"அக்கா, இந்த ஞாயிறு எங்க இருக்கிறம்?"

கையெழுத்துப் போட்ட தாளை நினைத்தேன். பிறகு சொன்னேன். "சவுக்குத் தோப்பில."

இப்போது அங்கேதான் கூடுகிறோம். அதிகாரிக்குத் தெரியும். இன்னும் வரவில்லை. வருவார்.

எழுதி வைக்கிறேன். பூட்டிய அறை ஒன்று. அதற்குள் எங்கள் பாய் நான்கு, கேத்தல் ஒன்று. வராமல் நின்றுவிட்டவர்கள் இருவர். அதில் ஒருத்தி ரோட்டில் கண்டால் முகத்தைத் திருப்புகிறாள். மற்றவன் முகாமைவிட்டே போய்விட்டான், எங்கே என்று தெரியாது. வருகிறவர்கள் இருவர். நிலானி. இன்னொருவன், பெயர் எழுத வேண்டாம் என்றான்.

களப்பில் என் தம்பி, ஒன்பது வயது. உடல் கிடைக்கவில்லை.

முகாமில் ஜெனா, இருபத்து மூன்று வயது. நான்கு முறை கூப்பிட்டான்.