திருத்தம் ஏறாத வரைபடம்

ஸ்ரீரங்கத்திலிருந்து வருகிறவளுக்குச் சத்திரம் பேருந்து நிலையத்தில் பஸ் மாறுவது ஒன்றுதான் தொந்தரவு. மற்றபடி வேலையில் எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை, சார். இருபத்தெட்டு வருடமாக அந்த இயந்திரப் பட்டறைக்கு வரைபடம் போடுகிறேன். மைதிலி மேடம் போட்ட படத்துக்குத் திருத்தம் வராது என்பார்கள். அதைக் கேட்க எனக்குப் பிடித்திருந்தது.

போன வருடம் ஒரு கல்லூரி, நூறு வருடத்துக்கு முந்தைய விமான எஞ்சின் ஒன்றை அப்படியே செய்து ஓட்டிக் காட்டச் சொன்னது. சிலிண்டரைச் சுற்றித் தாமிரத் தகட்டில் ஓர் உறை. இடைவெளியில் தண்ணீர் ஓடிச் சூட்டை எடுத்துப் போக வேண்டும். அந்த நீர் உறையை வரைந்தது நான். தகட்டை வளைத்துப் பற்றவைத்தவர் வெல்டர் பெஞ்சமின்.

அவர் கண்ணில்தான் முதலில் பட்டது.

"மேடம், தண்ணி வெளிய போற வாய் உச்சியில இல்லீங்களே. ஆவி மேலயே தங்கிடும். ஒரு இன்ச் ஏத்தி வச்சிரட்டுங்களா?"

"படத்துல இருக்கறபடி செய்யுங்க."

அன்று வீட்டுக்குப் போகும்போது பஸ்ஸிலேயே புரிந்துவிட்டது. அவர் சொன்னதுதான் சரி. ஆனால் திருத்தினால் அதற்கு அடையாளமாகப் படத்தின் மூலையில் ஒரு எழுத்து ஏறும். பக்கத்தில் காரணமும் எழுத வேண்டும். வெல்டர் சொன்னார் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. பச்சைத் தண்ணீரை அழுத்தி ஏற்றிச் சோதித்தோம், ஒரு சொட்டுக் கசியவில்லை. பாய்லர் செய்து பழகிய ஊர் இது. அந்தச் சோதனையில் தேறினால் அதற்குமேல் யாரும் கேட்க மாட்டார்கள். பச்சைத் தண்ணீரில் ஆவி ஏது?

ஓட்டிக் காட்டும் நாளில் காலையிலேயே வந்துவிட்டேன். உறையின் உச்சியில் விரல் நுனி அளவு ஒரு வால்வு இருந்தது. ஆவி வெளியேறுவதற்காகப் பெஞ்சமின் யாரிடமும் சொல்லாமல் வைத்து, திறந்தும் விட்டிருந்தார். என் தப்பை ஊருக்குக் காட்டாமல் என்னைக் காப்பாற்றியிருந்தார். எனக்கு அதுதான் அவமானமாக இருந்தது. வால்வை மூடினேன். பிடியைக் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

விருந்தினர் வந்த அவசரத்தில் அவர் மேலே பார்க்கவில்லை. எஞ்சின் ஓடியது, எல்லோரும் செல்போனைத் தூக்கிப் படம் பிடித்தார்கள். ஏழாவது நிமிடம் உறையின் உச்சி நிறம் மாறியது. பெஞ்சமின் எஞ்சினுக்குக் கிட்டே போய்க் குனிந்தார். நிறுத்துங்கள் என்று ஒரு சொல் போதும். கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டேன். நான் எவ்வளவு கையாலாகாமல் நின்றேன் என்பதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். உறையில் பற்றவைத்த தையல் பிரிந்து, கொதிநீர் அவர் முகத்திலும் மார்பிலும் அடித்தது.

மூன்று நாள் ஆஸ்பத்திரியில் உயிரோடு இருந்தார். கண்ணில் கட்டோடு மனைவி செல்வமேரியிடம் சொன்னார்: "வால்வைத் திறக்க நான்தான் மறந்துட்டேன் போல. மேடம் மேல தப்பில்ல."

நான் கட்டிலுக்குப் பக்கத்தில்தான் நின்றேன். ஆமாம் என்று தலையசைத்தேன். செல்வமேரி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

அவர் மறந்ததாக எழுதிவிடாதீர்கள், சார். பெஞ்சமின் எதையும் மறக்கிறவர் இல்லை. மூடியது நான். பிடி இதோ இருக்கிறது, வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் அறிக்கையில் சேர்த்துவிடுங்கள். வரைபடத்தில் அந்த இடத்தில் வால்வே கிடையாது.