ஞானப்பூ வீட்டு வைஃபை

பொழுது இறங்கி, எதிரே வருகிற ஆளின் முகம் தெரியாமல் போகிற நேரம். திருச்சுழியிலிருந்து நரிக்குடி போகிற ரோட்டை விட்டுப் பிரியும் ஒரு மண்பாதை. ரெண்டு பக்கமும் சீமைக்கருவேலம். வீடு இல்லை, விளக்கு இல்லை... ஒரே ஒரு பைக் சத்தம் மட்டும். பைக்கில் போனவர் இம்மானுவேல். பந்தல்குடியில் என்னோடு படித்த தாவீதுராஜின் அத்தான். அருப்புக்கோட்டையில் கேமரா, கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறார். இது நடந்து ரெண்டு மாசம்தான் ஆகிறது.

இதை நான் சொன்னது எங்கள் கேம்ப் ரூமில், கடல் தாண்டி, மணலுக்கு நடுவில். அன்றைக்கும் வைஃபை செத்துப்போயிருந்தது. யாரும் வீட்டுக்குப் பேச முடியவில்லை. எல்லோருக்கும் எரிச்சல். காரியாபட்டி கோகுல் ரூட்டரை அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்துவிட்டு, கடைசியில் செருப்பால் ஒரு தட்டுத் தட்டினான். பிறகு மூலைக் கட்டிலில் சார்ஜரில் கிடந்த போனைப் பிடுங்கிவிட்டுத் தன்னுடையதைச் செருகப் போனான்.

"ஏலே, அத விடு. புது ஆளு டூட்டிக்குக் கிளம்புறப்பச் சொல்லிட்டுத்தான போனாரு, சார்ஜர மட்டும் புடுங்கிராதீகன்னு" என்றேன்.

"நெட்டே இல்ல. சார்ஜு போட்டு என்னத்தக் கிழிக்கப் போறாராம்?" என்றான் கோகுல். ஆனாலும் விட்டுவிட்டான். அந்தப் போன் கவிழ்ந்தே கிடந்தது. "சரி, நீ கதயச் சொல்லு. அந்த ஆளு எங்க போறாரு?"

எழவு வீட்டுக்கு.

ஞானப்பூ என்று ஒரு அம்மா. இறந்துபோனார். ஒரே மகன், நம்மைப் போல வெளிநாட்டில். பாஸ்போர்ட் கம்பெனி கையில். விடவில்லை. "மண்ணு போடுற வரைக்கும் அம்மாவ நான் பாக்கணும். வீடியோ எடுத்து வச்சு அப்பறமா அனுப்புற வேலையெல்லாம் வேணாம். அந்த நேரத்துலயே பாக்கணும்" என்று தங்கச்சி ஹெப்சிபாவிடம் அழுதிருக்கிறான். அடக்கம் மறுநாள் காலையில்.

அந்த ஊரில் செல் எடுக்காது. சர்ச்சில் மட்டும் கேபிள் நெட் உண்டு. அதன் வைஃபை வாசலோடு நின்றுவிடும். வீடும் கல்லறைத் தோட்டமும் அதற்கு அப்பால். அவ்வளவு தூரம் எட்டுகிற வைஃபை பெட்டி ஒன்று இம்மானுவேலிடம் இருந்தது. மூடிப்போன ஒரு மில்லின் ஆபீஸிலிருந்து பழைய சாமானோடு வாங்கியது.

அதில்தான் வம்பு. அந்த மாதிரிப் பெட்டி தனியாக வேலை செய்யாது. மில்லில் அதற்கு ஒரு தலைமைப் பெட்டி இருந்திருக்கும். அது சொன்னால்தான் இது கேட்கும். தலைமை இல்லாவிட்டால் விளக்கைச் சிவப்பு, பச்சை என்று மாற்றி மாற்றி அடித்துக்கொண்டு தேடும்... தேடும்... தேடிக்கொண்டே இருக்கும். அதற்குள்ளே இருந்து அதை ஓட்டுகிற புரோகிராமை, ஃபர்ம்வேரை எடுத்துவிட்டு, யாரையும் தேடாமல் தனியாக ஓடுகிற ஃபர்ம்வேரை ஏற்ற வேண்டும். ஏற்றிவிட்டால் அது பாட்டுக்கு ஓடும்.

சாமியானா பந்தலுக்குக் கீழே லேப்டாப்பை வைத்து உட்கார்ந்தார். உள்ளே ஃப்ரீசர் பெட்டி உர்ர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது. ரோஜா மாலை, யூடிகோலன் வாசனை. பட்டனை அழுத்திக்கொண்டே கரண்ட் வயரைச் செருக வேண்டும். விளக்கு சிவப்பானதும் விட வேண்டும். விட்டார். லேப்டாப்பிலிருந்து ஃபைல் போகவே இல்லை. லேப்டாப்பின் ஃபயர்வால் தடுத்திருந்தது. அதை அணைத்தார். மறுபடி பட்டன். இப்போது ஃபைல் பெயர் தப்பு. பெயரை மாற்றினார். மறுபடி பட்டன். பாதியில் நின்றது. கேபிளை மாற்றினார். பெருவிரல் வீங்கிவிட்டது. இந்தத் தடவை கடைசி வரை போய்... 'இந்த மாடலுக்கு ஒத்துவராது' என்று துப்பியது.

மாடல் நம்பரில் கடைசி எழுத்து வேறு. கடையிலேயே தப்பான ஃபைலை இறக்கிக்கொண்டு வந்திருக்கிறார்.

டீக்கடை சுப்புராஜ் கேதத்துக்கு வந்தவர், சேரை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். "என்னய்யா, நானும் அப்பருந்து பாக்கேன், செவப்பு பச்ச செவப்பு பச்சங்குது. கல்யாண வீட்டுக்கு லைட்டுப் போட வந்தியா?"

"அண்ணாச்சி, சும்மா இருக்கீகளா? நானே வெந்து கெடக்கேன்."

ஹெப்சிபா வந்து நின்றாள். கையில் அம்மாவின் போன். கண்ணாடி சில்லுச் சில்லாக உடைந்திருந்தது. "கம்மாக்கரையில விழுந்தப்ப ஒடஞ்சது அண்ணாச்சி. உள்ள அண்ணன் போட்டாவெல்லாம் இருக்கு. எடுக்க முடியுமான்னு பாருங்க. உசுரு வரல." வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"வேற ஃபைலு எறக்கணும். சர்ச்சுல நெட்ட அணச்சுப் பூட்டிட்டாக. சிக்னலு எங்கதான்ம்மா கெடைக்கும்?"

"கம்மாக்கரையில ஒரு சேரு கெடக்கும். அம்மா தெனமும் அங்க போயித்தான் அண்ணன்கூடப் பேசும். போன ஒழுங்காப் பிடிக்கவே தெரியாது. மடியில வச்சுக்கிரும். அண்ணனுக்கு மோவாயும் வானமுந்தான் தெரியும்..." சிரிக்கப் போய் அழுதுவிட்டாள். "அண்ணன் கட் பண்ணாம அம்மா கட் பண்ணாது. அதுவா கட் பண்ணட்டும்னு பாத்துக்கிட்டே இருக்கும்."

கண்மாயில் தண்ணீர் இல்லை. வெடித்த கரம்பை மண். கரையில் நீலக் கலர் பிளாஸ்டிக் சேர், ஒரு கால் உடைந்து கல்லை அண்டக் கொடுத்திருந்தது. இம்மானுவேல் தன் போனை எடுத்து நின்று பார்த்தார். ஒரு கோடுகூட இல்லை. கையைத் தூக்கிப் பார்த்தார். இல்லை. சீ என்று போனைச் சேரில் எறிந்தார்.

சேரில் விழுந்ததும் சிக்னல் முழுதாக வந்தது.

எடுத்தால் போய்விடும். வைத்தால் வரும். கருவேலங்காட்டில் காற்றில்லை, ஒரு இலை ஆடவில்லை. சேர் மட்டும் லேசாகக் கிறீச்... கிறீச்சென்றது, யாரோ உட்கார்ந்து சரிந்துகொள்வது மாதிரி. ஃபைல் இறங்கி முடிகிற வரை அவர் சேரைப் பார்க்கவில்லை.

திரும்பி வந்து ஏற்றினார். பெட்டி ஏற்றுக்கொண்டது. அணைந்து, எழுந்து, விளக்கு பச்சையில் நின்றது. ஹெப்சிபா கையெடுத்துக் கும்பிட்டாள். கோழி கூவுகிற நேரம்.

போனில் வைஃபை பெயர் வரவில்லை. எந்தப் போனிலும் வரவில்லை. லேப்டாப்பில் பெட்டியின் உள்ளே என்ன நடக்கிறது என்று திறந்து பார்த்தார். புது ஃபர்ம்வேர்தான். யாரையும் தேடக் கூடாத ஃபர்ம்வேர். ஆனால் கடைசி வரி இப்படி இருந்தது: 'தலைமை கிடைத்தது. சேர்ந்தாயிற்று.'

எந்தத் தலைமை? மில் பூட்டிக் கிடக்கிறது. சுற்றுவட்டாரத்தில் அப்படி ஒரு பெட்டி கிடையாது. அழித்தார், மறுபடி ஏற்றினார். அதே வரி. மறுபடி ஏற்றினார். அதே வரி. விடிந்து, பாதிரியார் வந்து, ஜெபமும் தொடங்கிவிட்டது. இம்மானுவேல் வயரைப் பிடுங்கி, பெட்டியைப் பைக்குள் திணித்து, பையை ஒரு உதை உதைத்தார். ஹெப்சிபா ஒரு டம்ளர் காபியை அவர் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். அதுதான் அவரைக் கொன்றது.

ஃப்ரீசரிலிருந்து எடுத்துச் சவப்பெட்டியில் வைத்தார்கள். ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்தார்கள். இம்மானுவேலும் பையைத் தோளில் மாட்டியபடியே குனிந்தார். யாருக்கும் கேட்காமல், "மன்னிச்சிருங்கம்மா, என்னால ஏலல" என்றார். முகத்தை வெள்ளைத் துணியால் மூடினார்கள். பலகை. ஆணி. மண்.

திருச்சுழி வந்ததும் அவர் போனுக்குச் சிக்னல் வந்தது. உடனே மணி அடித்தது. வெளிநாட்டு நம்பர். மகன்.

"தம்பி, என்னயப் பேசவே விடாத, செருப்பக் கழட்டி அடி..."

"ஐயோ, என்ன அண்ணாச்சி! நன்றி சொல்லத்தான் பேசுறேன். எல்லாத்தயும் பாத்தேன். அம்புட்டுத் தெளிவா இருந்துச்சு."

இம்மானுவேல் பைக்கை ஓரங்கட்டினார்.

"ஆனா போன ஏன் அண்ணாச்சி அவ்வளவு தாழ வச்சிட்டீக? எல்லாரும் மேலருந்து குனிஞ்சு குனிஞ்சு பாத்தாக. நீங்ககூடக் குனிஞ்சு, என்னால ஏலலன்னு சொன்னீக. எதுக்கு அப்பிடிச் சொன்னீக? எல்லாஞ் சரியாத்தான வந்துச்சு... அப்பறம் வெள்ளத் துணி வந்துச்சு. பலகை வந்துச்சு. மண்ணு விழுற சத்தம் கேட்டுச்சு."

"தம்பி... ஒனக்கு எந்த நம்பருலருந்து வந்துச்சு?"

"அம்மா போன்லருந்துதான்."

அவர் பையைத் திறந்தார். உடைந்த போன் செத்தே கிடந்தது. பெட்டி, வயரே செருகாத பெட்டி, தொட முடியாமல் கொதித்தது. யூடிகோலன் வாசனை.

"இது கூட்டாளி போனு அண்ணாச்சி. என் போன்ல லைன் இன்னும் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. ஒரே இருட்டு. ஆனா ஓடுது. எனக்குக் கட் பண்ண மனசு வரல."

அவ்வளவுதான். தாவீதுராஜ் என்னிடம் சொன்னது அவ்வளவுதான்.

ரூமில் ஏசி மட்டும் இரைந்தது. "பொய்யி" என்றான் கோகுல். பேச்சை மாற்றுகிறவன் மாதிரி எழுந்து போய், மூலைக் கட்டிலில் கவிழ்ந்து கிடந்த புது ஆளின் போனை, மணி பார்க்கத் திருப்பினான்.

திரை கறுப்பு. மேலே 'அம்மா' என்று இருந்தது. அதற்குக் கீழே லைன் ஓடுகிற நேரம், ஆயிரம் மணியைத் தாண்டி, வினாடி வினாடியாக ஓடிக்கொண்டிருந்தது.

நான் ரூட்டரைப் பார்த்தேன். அதில் ஒரு விளக்கும் எரியவில்லை.

கோகுல் போனை முன்பு இருந்த மாதிரியே கவிழ்த்து வைத்தான். பிறகு சார்ஜரை இன்னும் கொஞ்சம் அழுத்திச் செருகினான்.