நூல் இல்லாத வீடு

இருந்தவர்கள்:

இன்பம். வயது அறுபத்திரண்டு. வீட்டுக்குச் சொந்தக்காரர். பெரிய ஆஸ்பத்திரியில் தீக்காய வார்டில் நர்சாக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் எது கெட்டாலும் சுலபமாக ஒரு வழி சொல்வார். மனிதர்கள் கெட்டால் திட்டுவார்.

முனியராஜ். குடியிருப்பவர். அவர் வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனியை மூடி மூன்று மாதம் ஆகிறது. கம்பெனி வேலையை அவர் வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டார்.

அழகுமீனா. முனியராஜின் மனைவி.

இல்லாதவர்: எழில். இவர்கள் மகள், ஒன்றாம் வகுப்பு. நாலரைக்கு வருவாள்.

ஆள் கணக்கில் வராதது: பூட்டிக் கிடக்கும் பின்னறையில், தரை முழுக்கப் பரப்பிக் காயும் நூறு குரோஸ் கருந்திரி (ஒரு குரோஸ் என்றால் பன்னிரண்டு டஜன்). வெடிமருந்தில் தோய்த்த நூல். வெடிக்குத் தீ இதன் வழியாகத்தான் போகும். வீட்டில் வைத்திருந்தால் ஜெயில். நாலு மணிக்கு வேன் வந்து எடுத்துப் போகும். அதுவரை வீட்டுக்காரம்மா அந்தப் பக்கம் போய்விடக் கூடாது.

இடம்: ஆனைக்குட்டம் போகிற வழியில் ஒரு வீடு. நேரம்: மத்தியானம் மூன்று.

*

இன்பம்: ...அதான் சொல்றேன், எறும்புக்கெல்லாம் கடையில மருந்து வாங்காத. சாக்பீஸால வாசப்படியில ஒரு கோடு இழு. தாண்டாது.

முனியராஜ்: இழுத்துருவோம் நர்சம்மா. போன்ல சொல்லியிருந்தாலே இழுத்துருப்பேன். இதுக்குப் போயி இம்புட்டு வெயில்ல வந்தீகளாக்கும்?

இன்பம்: என் வீட்டுக்கு வாரதுக்கு வெயில்கிட்ட உத்தரவு வாங்கணுமோ?

அழகுமீனா: உக்காருங்க நர்சம்மா. மோர் கொண்டாரேன்.

முனியராஜ்: அவுக உக்கார மாட்டாக மீனா. கெளம்புறாக.

இன்பம்: யாரு சொன்னா?

முனியராஜ்: இல்ல... மூணு இருபதுக்கு பஸ்ஸு. அத விட்டா அஞ்சரைக்குத்தான்.

இன்பம்: அஞ்சரை தோதாத்தான் இருக்கு. வெயிலும் தாந்துரும்.

முனியராஜ்: அஞ்சரை பஸ்ஸுல உக்கார எடம் கெடைக்காது நர்சம்மா.

இன்பம்: அது கெடக்கட்டும், இது என்ன நாத்தம்?

முனியராஜ்: நாத்தமா? எனக்கு ஒண்ணும் தெரியலையே.

இன்பம்: கந்தகம் மாதிரி வருது.

முனியராஜ்: முட்டை! முட்டை அழுகிப் போச்சு நர்சம்மா. இல்ல மீனா?

அழகுமீனா: எத்தன முட்டைங்க?

முனியராஜ்: ...நெறைய.

இன்பம்: நெறைய முட்டை வாங்கி அழுக விடுறீக. வசதிதான். சரி, அதுக்கு லேசான வழி இருக்கு. நடுவீட்டுல ஒரு சாம்பிராணியக் கொளுத்தி வையி, அஞ்சு நிமிசத்துல போயிரும். மீனா, தீப்பெட்டி எடு.

முனியராஜ்: தீப்பெட்டி வேண்டாம்!

இன்பம்: ஏலே, என்னலே இந்தக் கத்து கத்துற?

முனியராஜ்: இல்ல... தீந்துபோச்சுன்னு சொல்ல வந்தேன்.

இன்பம்: சிவகாசிக்குப் பக்கத்துல ஒரு வீட்டுல தீப்பெட்டி இல்ல. வெளிய சொல்லிறாத, ஊருக்கே கேவலம். ...ஆமா, அடுப்ப ஏன் வாசல்ல கொண்டுபோயி வச்சிருக்கீக? நான் கட்டிக் குடுத்த அடுப்படிக்கு என்ன கொறச்சல்?

முனியராஜ்: காத்தோட்டமா இருக்கட்டுமேன்னுதான்.

இன்பம்: பின்னறைக்குப் போற கரண்ட் வயரையும் புடுங்கிப் போட்டிருக்க. அதுவும் காத்து வாங்கவா?

முனியராஜ்: எலி கடிச்சிருச்சு நர்சம்மா.

இன்பம்: கடிச்சுட்டு, நுனிக்கு டேப்பும் சுத்திட்டுப் போயிருக்கு. படிச்ச எலி.

அழகுமீனா: நர்சம்மா, மோரு.

இன்பம்: குடு தாயி. ...வார்டுல ஒருத்தரு இருந்தாரு. அவரும் இப்பிடித்தான், அடுப்ப வெளிய எடுத்து வச்சாரு, வயரப் புடுங்குனாரு. ரொம்பச் சாக்கிரதையான மனுசன். மச்சினன் ஒருத்தன் பீடியோட உள்ள வந்துட்டான்.

அழகுமீனா: அப்புறம்?

இன்பம்: அப்புறம் என்ன, டிஸ்சார்ஜ் ஆனாரு. பொட்டணமா.

முனியராஜ்: ...இதெல்லாம் எதுக்கு நர்சம்மா இப்ப.

இன்பம்: எலி பேச்சு வந்துச்சு, ஞாபகம் வந்துச்சு. சுவத்துல இது யாரு கை? கறுப்பா, அஞ்சு வெரலும் பதிஞ்சிருக்கு.

முனியராஜ்: எழிலு. இங்கி கொட்டிருச்சு.

இன்பம்: ஒண்ணாங்கிளாசுக்கு இங்கி குடுக்குறாகளா?

முனியராஜ்: இங்கிலீஷ் மீடியம்ல.

இன்பம்: ஓ. அப்ப குடுப்பாக. எலுமிச்சம்பழத் தோலுல உப்பத் தொட்டுத் தேய்ச்சுப் பாரு. சுவத்துல போயிரும். புள்ள கையில போச்சா?

அழகுமீனா: போக மூணு நாள் ஆச்சு நர்சம்மா. சோறு ஊட்டித்தான் விட்டேன். அவ கையால திங்க விடல.

முனியராஜ்: மீனா, போதும்.

இன்பம்: சரி, பேசிக்கிட்டு இருங்க. நான் அடுப்படிக் குழாயப் பாத்துட்டு வாரேன்.

முனியராஜ்: ...ஏ மீனா, இங்க வா. மெதுவாப் பேசு. இந்தம்மா எதுக்கு வந்திருக்கு?

அழகுமீனா: எறும்புக்கு.

முனியராஜ்: வெளையாடாத. மணி மூணேகால். இது அஞ்சரை வரைக்கும் இருக்கப் போறேன்னு சொல்லுது. நாலு மணிக்கு வேன் வந்தா என் கதி என்ன?

அழகுமீனா: பின்னறைச் சாவி எங்க?

முனியராஜ்: என் அரைஞாண் கயித்துல. அது இருக்கும் பத்திரமா. சன்னல்தான் தெறந்து கெடக்கு, காயட்டும்னு. நீ பின்பக்கமாப் போயி அங்கனயே நில்லு. இந்தம்மா வந்தா மறிச்சுக்க.

அழகுமீனா: நான் போறதா?

முனியராஜ்: வேற யாரு போவா? போ.

அழகுமீனா: எழில் வார நேரம்...

முனியராஜ்: அதுக்குள்ள வேன் போயிரும். இதான் கடைசி லோடு. சத்தியமா.

அழகுமீனா: இது ஆறாவது கடைசி.

முனியராஜ்: எண்ணிக்கிட்டா இருக்க?

அழகுமீனா: ராத்திரி எழில் பின்னறைச் சுவத்து ஓரம்தான் படுக்குறா. எனக்குத் தூக்கம் வரல. எண்ணுறேன்.

முனியராஜ்: கம்பெனியத் தெறந்தா நான் ஏன் இதத் தொடப்போறேன்? போ, போயி நில்லு.

அழகுமீனா: சரி. நீங்க சொல்லித்தான் போறேன்.

இன்பம்: என்னய்யா அங்க குசுகுசுன்னு? இங்க வா. குழாய் சொட்டுது.

முனியராஜ்: வாரேன், வாரேன்.

இன்பம்: இதுக்குப் பிளம்பரக் கூப்பிட்டா அவன் நாலு நாள் கழிச்சு வந்து, குழாயே சரியில்லம்பான். லேசான வேலை. கழட்டி, மரையில கொஞ்சம் நூலச் சுத்தி முறுக்குனா சொட்டு நின்னுரும். நூல் இருக்கா?

முனியராஜ்: நூலா?

இன்பம்: நூலு.

முனியராஜ்: நூல் ஏது நர்சம்மா எங்க வீட்டுல? நூலெல்லாம் நாங்க வைக்கிறதே இல்ல.

இன்பம்: ஒரு முழம்?

முனியராஜ்: ஒரு சாண் கூடக் கெடையாது. தேடிப் பாத்தாலும் கெடைக்காது.

இன்பம்: தேடவா?

முனியராஜ்: வேண்டாம்!

இன்பம்: பொத்தான் பிஞ்சா என்ன செய்வீக?

முனியராஜ்: ...பின்னூசி.

இன்பம்: நல்ல குடும்பம். சரி, தண்ணி எம்புட்டு வேகமா வருதுன்னு பாப்போம். மோட்டாரப் போடு.

முனியராஜ்: எதுக்கு? சொட்டுறத நிறுத்தத்தான வந்தீக?

இன்பம்: தண்ணி வந்தாத்தான எங்க ஒழுகுதுன்னு தெரியும்? போடுறியா, நான் போயிப் போடட்டுமா? சுவிச்சு பின்பக்கம்தான?

முனியராஜ்: இல்ல இல்ல, இங்க அடுப்படிக்கே மாத்தியாச்சு. இந்தா, நானே போட்டுட்டேன்.

இன்பம்: நீயேதான் போட்ட. நல்லது. எங்க, குழாயத் தெற.

முனியராஜ்: தெறந்துதான் இருக்கு. வரலையே.

இன்பம்: காத்து அடைச்சிருக்கும். வாய வச்சு உறிஞ்சு.

முனியராஜ்: நானா?

இன்பம்: பின்ன? எனக்குப் பல்லு கட்டுன பல்லு. குழாயோட போயிரும்.

முனியராஜ்: ...ம்ம்...

இன்பம்: நல்லா இழு.

முனியராஜ்: ம்ம்ம்... வரலை நர்சம்மா. பின்னாடி என்னமோ சத்தம் கேக்குதே?

இன்பம்: தண்ணிச் சத்தம். தொட்டிக்கு ஏறுதுல்ல.

முனியராஜ்: சலசலன்னு கேக்கு. ஒரு நிமிசம், நான் பின்னால போயிப் பாத்துட்டு வந்துர்றேன்.

இன்பம்: வா, நானும் வாரேன். அப்பிடியே பின்னறையில ஓதம் இருக்கான்னு பாத்துரலாம்.

முனியராஜ்: வேண்டாம். உறிஞ்சுறேன்.

இன்பம்: உறிஞ்சு.

முனியராஜ்: ம்ம்...

இன்பம்: பேசாத, காத்து உள்ள போயிரும். நான் பேசுறேன், நீ கேளு. இந்த வீட்ட நான் முப்பது வருசச் சம்பளத்துல கட்டுனேன். இதுல ஒரு நாள் போலீசு வந்து சீல் வச்சா, நான் கோர்ட்டு வாசல்ல சாக வேண்டியதுதான். சீல் வைக்கக் கதவு மிஞ்சியிருந்தா, அதுவும் நல்ல காலம்.

முனியராஜ்: ம்ம்?

இன்பம்: பொதுவாச் சொன்னேன். போன வருசம் ஒரு ஊர்ல செவரு மட்டும் நின்னுச்சு. அந்த வீட்டுக்காரனும் நல்லவன்தான். குடியிருக்கவுகள நம்புனான். நீ நிறுத்தாத, இழு.

முனியராஜ்: ...தல சுத்துது நர்சம்மா.

இன்பம்: சுத்தும். கொஞ்சம் மூச்ச விட்டுட்டுத் திரும்ப ஆரம்பி.

முனியராஜ்: அரை மணி நேரமா உறிஞ்சுறேன். இம்புட்டு நேரம் மோட்டார் ஓடுது, குழாயில ஒரு சொட்டு காணோம். அம்புட்டுத் தண்ணியும் எங்க போகுது?

இன்பம்: போக வேண்டிய எடத்துக்குப் போகும். ...இந்தா மீனா வந்துட்டா. என்ன தாயி?

அழகுமீனா: மோட்டார அமத்திரலாம் நர்சம்மா.

இன்பம்: நெறைஞ்சிருச்சா?

அழகுமீனா: நெறைஞ்சு வழியுது. மூலை முடுக்கெல்லாம் பாத்துட்டேன்.

முனியராஜ்: ஏ, சேலை என்ன இப்பிடி நனைஞ்சிருக்கு?

அழகுமீனா: வழியுதுன்னு சொன்னேன்ல.

முனியராஜ்: அங்கன எல்லாம்... சரியா இருக்கா?

அழகுமீனா: இனி ஒண்ணும் ஆகாது.

முனியராஜ்: அப்பாடா.

இன்பம்: என்னய்யா, பெருமூச்சு?

முனியராஜ்: தொட்டி நெறைஞ்சுச்சுல்ல, அதான். ...நர்சம்மா, இப்பக் கெளம்புனா முக்குல ஷேர் ஆட்டோ நிக்கும்.

இன்பம்: வாசல்ல எவனோ ஹார்ன் அடிக்கான் பாரு.

முனியராஜ்: அது... மீன் வண்டி.

இன்பம்: மீன் வண்டிக்கு ஏன் பின்னால தார்ப்பாய் கட்டியிருக்கு?

முனியராஜ்: மீனுக்கு வெயில் ஆகாதுல்ல. இருங்க, நான் போயி அனுப்பிட்டு வாரேன். மீனா, அம்மாவுக்கு இன்னொரு டம்ளர் மோரக் குடு. இங்கனயே வச்சுப் பேசிக்கிட்டு இரு.

அழகுமீனா: போங்க.

இன்பம்: போய்யா. செருப்பப் போட்டுட்டுப் போ.

முனியராஜ்: எதுக்கு? வாசலுக்குத்தான.

இன்பம்: சொன்னாக் கேளு. போடு.

முனியராஜ்: ...ஏ மீனா? ஏ, கதவு சாத்திக்கிருச்சு. காத்துக்கு அடிச்சிருச்சு போல, தெற.

அழகுமீனா: காத்து இல்ல. நாந்தான்.

முனியராஜ்: என்ன வெளையாட்டு இது? வேன் நிக்கு. ...ஏ, தாப்பாளா போடுற?

அழகுமீனா: தாப்பாளும் போட்டேன். பூட்டும் போட்டேன்.

முனியராஜ்: நர்சம்மா! அவகிட்ட சொல்லுங்க. உள்ள என் சாமான் கெடக்கு.

இன்பம்: என்ன சாமான்? சொல்லு, எடுத்துத் தாரேன்.

முனியராஜ்: சாமான்னா... சாமான்தான் நர்சம்மா.

இன்பம்: பேரு இருக்கும்ல அதுக்கு?

முனியராஜ்: ...மீனா. வாய்க்கால்ல கறுப்பா ஓடுது. பின்பக்கம் இருந்து வருது. மீனா, என்ன செஞ்ச?

அழகுமீனா: சாவி ஒங்க இடுப்புலதான் இருந்துச்சு. நீங்க தெறந்து வச்ச சன்னல் வழியாத்தான் டியூப்ப விட்டு அடிச்சேன், நீங்க போட்ட மோட்டாருலதான். காலையில நர்சம்மாவுக்குப் போன் பண்ணி, ஒங்கள அடுப்படியிலயே புடிச்சு வைங்கன்னு சொன்னதும் நாந்தான். புள்ள வார நேரம், வேன வாசல்ல இருந்து எடுக்கச் சொல்லுங்க. நூறு குரோசும் வேணும்னா சன்னல்கிட்ட நின்னு புழிஞ்சு எடுத்துட்டுப் போகட்டும்.