பாத்துட்டுச் சொல்லுங்க

"ஹலோ... ஹலோ, ஆஸ்பத்திரிங்களா?... ஆமாங்க. கம்பவுண்டர் அண்ணனுங்களா? நானுங்க, ஒச்சாயி. இப்பத்தானுங்க அங்க வாசப்படியில நின்னேன்... ஆமாங்க, ஆமாங்க. டோக்கன் போன்ல மட்டுந்தான் போடுவோம்னு சொன்னீங்கல்லங்க. அதான், ரோட்டத் தாண்டி வந்து போன் பண்றனுங்க."

திருப்பூர் மண்ணரையில் ஒரு டாக்டரின் ஆஸ்பத்திரிக்கு நேர் எதிரே சலாவுதீன் பேக்கரி. பேக்கரித் தூணில் ஒத்தை ரூபாய் போன். அங்கே நின்று பேசினால் எதிர்த்த கண்ணாடிக் கதவு வழியாகக் கம்பவுண்டர் ஆத்தப்பன் முழுசாகத் தெரிவார். இப்போதும் தெரிந்தார். ரிசீவரைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, கத்தரிக்கோலால் மாத்திரை அட்டையைத் துண்டு துண்டாக வெட்டிக்கொண்டிருந்தார். கதவில் உள்தாழ்ப்பாள். டோக்கன் இல்லாத தலை அதைத் தாண்டாது.

"முடிஞ்சுதுங்களா? அதுக்குள்ளயா?... நாளைக்குங்களா. நாளைக்கு எப்பங்க போன் அடிக்கோணும்?... அண்ணா, ஏழு மணிக்கு அடிச்சா எங்கேஜ்தானுங்க. எட்டரை வரைக்கும் எங்கேஜ்தான். அப்புறம் கம்பெனிக்குள்ள போயிருவோம், வெளிய உடமாட்டாங்க... சாயங்காலமா? நீங்க எட்டு மணிக்குச் சாத்தறீங்க, எங்களை எட்டரைக்குத்தானுங்க உடறாங்க... ஞாயித்துக்கெழமை உங்களுக்கு லீவுங்களே."

ஒச்சாயிக்கு உசிலம்பட்டிப் பக்கம். பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தைக்கிறாள். திருப்பூர் வந்து வருசங்கள் ஓடியதில் அவளிடம் ரெண்டு பேச்சு சேர்ந்திருந்தது. காரியம் ஆக வேண்டிய இடத்தில் இந்த ஊர்க்காரர்கள் மாதிரி சொல்லுக்குச் சொல் 'ங்க' போடுவாள். காரியம் ஆகாது என்று தெரிந்துவிட்டால் பிறந்த ஊர்ப் பேச்சு கூப்பிடாமலே வந்து நிற்கும்.

"யாருக்குங்களா? வீட்டுக்காரருக்குங்க. ராக்கையா... ஆமாங்க, அயர்ன் மாஸ்டரு. கால்வலின்னு நான் வந்து மாத்திரை வாங்கீட்டுப் போவனே, அவரேதானுங்க... இல்லீங்க, அவரு வந்ததே இல்லீங்க. நாந்தான் வருவேன்."

மண்ணரையில் நோவு ஒருத்தருக்கு இருக்கும், ஆஸ்பத்திரிக்குப் போவது இன்னொருத்தராக இருக்கும். ஷிப்ட் தவறினால் கூலி போச்சு; ஆகவே முடியாதவன் வேலைக்குப் போவான், வேலையில்லாமல் அன்றைக்கு வீட்டில் இருப்பவர் அவன் நோவைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் வருவார். ராக்கையாவின் கால்வலியை ஒச்சாயி கோடையில் இருந்து தூக்கிக்கொண்டு வருகிறாள். முதல் தடவை டாக்டர் தலை நிமிராமலே எழுதினார். அடுத்த தடவையில் இருந்து டாக்டரும் இல்லை, ஆத்தப்பன்தான். அதே மாத்திரையா என்பார். அதேதான் என்பாள். முடிந்தது.

"அதே மாத்திரை வேண்டாமுங்க... செகப்பும் வேண்டாமுங்க, மஞ்சளும் வேண்டாம். டாக்டர் அவரைப் பாக்கோணுங்க. இன்னைக்கு வேலைய உட்டுட்டு அவரையே கூட்டீட்டு வந்திருக்கனுங்க... இல்லீங்க, வலி இல்லீங்க... ஆமா. இப்ப வலி இல்லை... என்னங்க?"

அவள் ரிசீவரைக் காதிலிருந்து எடுத்து ஒருமுறை பார்த்தாள். போன் 'கீங் கீங்' என்று காசு கேட்டது. முந்தானை முடிச்சிலிருந்து ஒரு ரூபாயை எடுத்துப் போட்டாள். காசு உள்ளே விழுந்த சத்தத்தோடு 'ங்க'வும் விழுந்துவிட்டது.

"ஏண்ணே, கேட்டீகளே ஒரு கேள்வி! வலி இல்லாட்டி எதுக்கு டாக்டருன்னு... வலி இல்லாததுதேண்ணே எனக்குக் குலை நடுங்குது. நேத்து வேலை விட்டு வந்தவரு செருப்பக் கழட்டுறாரு, செருப்பு வரமாட்டேங்குது. பிடிச்சு இழுத்தா, செருப்பையும் உள்ளங்காலையும் சேத்துத் தச்ச மாதிரி ஒரு ஊசி நிக்குது. மிசின் ஊசி, பாதி... ஆமா, உள்ள போயிருக்கு! எப்பய்யா குத்துச்சுன்னு கேக்குறேன். 'எது?'ன்னு கேக்குறாருண்ணே. எது குத்துச்சுன்னு என்னையக் கேக்குறாரு!"

பேக்கரி பெஞ்சில் உட்கார்ந்திருந்த ராக்கையா தலையைக் குனிந்துகொண்டார். ஸ்டீம் அயர்ன் மேசைமுன் காலமெல்லாம் நின்ற மனிதர். வலது பாதத்தில் பனியன் வேஸ்ட் துணியைச் சுற்றி, அந்தக் காலை இன்னொரு காலுக்குப் பின்னால் மறைத்து வைத்திருந்தார். போவோம் வா என்று கையை ஆட்டினார்.

"நீ சும்மா இருய்யா... ஒங்களையச் சொல்லலண்ணே, இவரச் சொன்னேன். கேளுங்க. அந்த ஊசிக்கு ஒரு கதை இருக்கு. எங்க கம்பெனியில ஊசி ஒடஞ்சா லேசுல விடமாட்டாக. ரெண்டு துண்டையும் கொண்டாந்து காமிச்சாத்தேன் புது ஊசி தருவாக. நேத்து ஒண்ணு ஒடஞ்சு பாதியக் காணம். லைனையே நிறுத்திப்புட்டாக. காந்தத்தத் தூக்கிக்கிட்டுத் தரையெல்லாம் தேடுனோம். கட்டுன பெட்டியவெல்லாம் பிரிச்சோம். ஏன்னா அது எங்கிட்டோ சீமையில ஒரு பச்சப்புள்ள போடப்போற சட்டையாம், குத்திறக் கூடாதாம்... நல்லதுதேன், நான் வேணாங்கல. குத்தக் கூடாதுதேன். ஆனா அந்தப் பாதி ஊசி அம்புட்டு நேரமும் இவரு காலுக்குள்ள நின்னுக்கிட்டு இருந்திருக்கு. இவரும் குனிஞ்சு எங்ககூடச் சேந்து தேடியிருக்காரு!"

டீ ஆற்றிக்கொண்டிருந்த சலாவுதீன் கையை நிறுத்தினார். போனுக்காகப் பின்னால் கைக்குழந்தையோடு நின்ற பெண் ராக்கையாவின் காலைப் பார்த்தாள். பிறகு சட்டென்று வேறு பக்கம் பார்த்தாள்.

"...எடுத்துட்டேன், குறடு வச்சு நாந்தேன் எடுத்தேன்... டிடி ஊசியா? அதுக்கு டாக்டரு பாக்க வேணாமா?... நீங்களே போடுவீகளா? நீங்க யாருண்ணே, டாக்டரா?... கோவிக்காதீக. ஊசியோட போச்சுன்னா நான் ஏன் ஒங்களத் தொந்தரவு பண்றேன்? ஆணிப் புண்ணு, ஆணிப் புண்ணுன்னு துணியச் சுத்திக்கிட்டே திரிஞ்சாரு. நேத்து அந்தத் துணியப் பிரிச்சேன். ரெண்டு வெரலு நாவப்பழமாட்டம் இருக்கு... ஆமா, கருப்பு... ஆமா, வாடை அடிக்குது."

எதிர்க்கதவுக்குள் ஆத்தப்பனின் கத்தரிக்கோல் நின்றது. கொஞ்ச நேரம்தான். மறுபடி வெட்டத் தொடங்கியது.

"பெரியாஸ்பத்திரியா? போறேன். போகமாட்டேன்னா சொன்னேன்? ஆனா கோடையில இருந்து இந்தக் காலுக்கு மாத்திரை குடுத்தது யாரு? பெரியாஸ்பத்திரியா? ஒங்க டாக்டரு. அவரு ஒருவாட்டி அந்தக் காலக் கண்ணால பாத்து, 'என்னால ஆகாது, இந்த இடத்துக்குப் போ'ன்னு அவரு வாயால சொல்லட்டும். தூக்கிக்கிட்டுப் போறேன்... கூட்டமா? எங்கண்ணே கூட்டம்?"

அப்போதுதான் ஒரு வெள்ளைக் கார் ஆஸ்பத்திரி வாசலில் ஒதுங்கியது. இறங்கிய அம்மாளின் இடுப்பில் கொழுகொழு என்று ஒரு குழந்தை. ஆத்தப்பன் ரிசீவரைப் பிடித்தபடியே எக்கித் தாழ்ப்பாளை எடுத்துவிட்டார். அவர் சிரித்த சிரிப்பு ரோட்டைத் தாண்டித் தெரிந்தது.

"இப்ப யாரோ உள்ள போனாகளே, அவுகளுக்கு டோக்கன் என்ன நம்பரு?... அதெப்புடித் தெரியுமா? இந்தா, திரும்புங்க. நேரா பாருங்க. சலாவுதீன் பாய் கடைத் தூணு. கைய ஆட்டுறேன் பாருங்க... தெரியுதா? ஆங், நானும் ஒங்களத்தேன் பாத்துக்கிட்டு இருக்கேன். உள்ள நாலு நாற்காலி சும்மா கெடக்கு, பேன் அதுகளுக்குக் காத்தாடிக்கிட்டு இருக்கு. இதுதேன் கூட்டமா?... என்னையத் தொரத்தி விட்டீகளே, போன்ல பேசு போன்ல பேசுன்னு. பேசுறேன்ல? இப்ப எதுக்கு மூஞ்சியத் திருப்புறீக?"

ஆத்தப்பன் ரிசீவரை ஓங்கி வைத்தார். கண்ணாடிக்குப் பின்னால் நடந்ததால் சத்தம் கேட்கவில்லை. ஒச்சாயியின் காதுக்குள் மட்டும் 'டக்' என்றது. அவள் வைக்கவில்லை. அந்த வட்டாரத்து லைனுக்கு அப்படி ஒரு குணம். கூப்பிட்டவர் வைக்காதவரை, எடுத்தவர் வைத்தாலும் சட்டென்று அறுபடாது. இதே தூணில் நின்று ஊருக்குப் பேசிப் பேசி இந்தக் குணத்தை அவள் தெரிந்து வைத்திருந்தாள்.

ஆத்தப்பன் யாரையோ கூப்பிட மறுபடி ரிசீவரை எடுத்தார்.

"நாந்தேன்."

அவர் வைத்தார். எடுத்தார்.

"நாந்தேண்ணே. வச்சுட்டாப் போயிருவேனா? நான் வைக்கலைல்ல... வைக்க மாட்டேன். டாக்டரு இவரப் பாக்குற வரைக்கும் ஒங்க போனு என் கையிலதேன் இருக்கும். எவன் அடிச்சாலும் எங்கேஜ்னு வரட்டும். காலையில எங்களுக்கு வருதுல்ல, இன்னைக்கு ஒருநாளு காருல வாரவுகளுக்கும் வரட்டும்... போலீசா? கூப்பிடுங்க. எதுல கூப்பிடுவீக?"

சலாவுதீனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. போன் காசு கேட்டது. ஒச்சாயி முந்தானையைத் தடவினாள். முடிச்சில் ஒன்றும் இல்லை. அவள் திரும்புவதற்குள் சலாவுதீன் கல்லாவைத் திறந்து ஒரு பிடி ஒத்தை ரூபாய்களை பிஸ்கட் ஜாடி மூடிமேல் கொட்டினார்.

"பாய், நாளைக்குக் குடுத்துர்றேன்... சரி, சரி, காசப் பத்திப் பேசல. தாயி, நீ ஊருக்குப் பேசணும்ல? செத்த பொறுத்துக்க..."

கைக்குழந்தைக்காரி குழந்தையை மறு தோளுக்கு மாற்றினாள். தன் உள்ளங்கையில் வியர்த்திருந்த காசை எடுத்து அவளே போனுக்குள் போட்டாள்.

கண்ணாடிக்குள் இப்போது உள்ளறைக் கதவு திறந்தது. வெள்ளைச் சட்டை, வழுக்கைத் தலை. எந்த லேபுக்கோ போன் போட வந்தவர் போல. ஆத்தப்பன் கையை விரித்து ஏதோ சொன்னார், ரோட்டைக் காட்டினார். டாக்டர் எரிச்சலோடு ரிசீவரை வாங்கினார்.

"...யாரு? டாக்டரய்யாவா?"

அவள் முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள்.

"ஆமாய்யா, ஒச்சாயி. ராக்கையா பொண்டாட்டி... என்ன தொந்தரவா? சொல்லமாட்டேன்யா... இல்லய்யா, திமிரு இல்ல. சொல்லிச் சொல்லித்தேன் இந்த நெலமைக்கு வந்து நிக்கிறோம். நான் வந்து 'கடுக்குது'ன்னு சொன்னேன், எழுதுனீக. 'மதமதங்குது'ன்னு சொல்லிவிட்டேன், அதுக்கும் அதே மாத்திரை வந்துச்சு. காலு என்னுதா? எனக்கு என்ன தெரியும்? அவரு சொன்னதுல பாதி, என் வாய்க்கு வந்தது பாதி. இனி என்கிட்டக் கேக்காதீக. நீங்க பாத்துட்டு எனக்குச் சொல்லுங்க... சுகரா? சுகரு எங்கய்யா பாத்தாக? ஆளையே பாக்கலையே, அப்புறம்ல சுகரப் பாக்க."

கண்ணாடிக்குள் டாக்டர் ஆத்தப்பனைத் திரும்பிப் பார்த்தார்.

"எங்க இருக்காருன்னா... தலையத் தூக்குங்கய்யா. நேரா. மஞ்சப் போர்டு. இந்தா இவருதேன். ஏய்யா, காலத் தூக்கி அந்த ஸ்டூல்ல வையி. வைங்கிறேன்ல! துணிய எடு."

ராக்கையா எடுக்கவில்லை. ரிசீவர் வயர் எட்டிய மட்டும் ஒச்சாயி குனிந்து, இடது கையால் அந்தத் துணியை உருவினாள். டீ குடித்துக்கொண்டிருந்த ரெண்டு பேர் கிளாசை வைத்துவிட்டு எழுந்தார்கள். கறுத்த ரெண்டு விரலும் ரோட்டைப் பார்த்து நீட்டிக்கொண்டு நின்றன.

எதிரே டாக்டர் கண்ணாடிக் கதவருகே வந்தார். போன் வயர் இழுபட்டு மேசையிலிருந்து ஏதோ விழுந்தது. மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், இறக்கினார்.

"...தெரியுதாய்யா?... தொட்டா தெரியலைங்கிறாரு. ஊசி ஏறுனதே தெரியலயே... எத்தன நாளாவா? கோடையில இருந்துய்யா. கோடையில இருந்து நான் ஒங்க வாசலுக்கு வாரேன்... வெரலா? வெரலு ரெண்டும் போனாலும் போகட்டும்யா. நின்னு சம்பாதிக்கிற மனுசன். காலு இருக்குமா? அத மட்டும் சொல்லுங்க... ஹலோ? பாக்காமச் சொல்லாதீக. பாத்துட்டுச் சொல்லுங்க."

ரிசீவரை மேசைமேல் கிடத்திய சத்தம் வந்தது. பிறகு தாழ்ப்பாள் இழுபடும் சத்தம் இந்தக் காதில் கேட்டது. கதவு அடித்துத் திறந்த சத்தம் ரோட்டிலிருந்து அந்தக் காதில் கேட்டது. துணி ரோல் ஏற்றிவந்த ஆட்டோ ஒன்று கிறீச்சிட்டு நிற்க, டாக்டர் கையைக் காட்டிக்கொண்டே நடுரோட்டில் இறங்கினார்.

போன் காசு கேட்டது. சலாவுதீன் எடுத்து நீட்டினார். ஒச்சாயி வேண்டாம் என்று தலையாட்டினாள். ரிசீவர் 'கொய்ங்' என்று இரைந்து செத்தது. அதை மாட்டாமல் அப்படியே தொங்கவிட்டாள்.

பெரிய மனிதர் எதிரே வருகிறாரே என்று ராக்கையா பதறி எழப் பார்த்தார். கை தானாகத் துணியைத் தேடியது. ஒச்சாயி அதைக் காலால் பெஞ்சுக்கு அடியில் தள்ளிவிட்டு, அவர் தோளில் கையை வைத்து அழுத்தினாள்.

"உக்காருய்யா. மூடாத. பாக்கட்டும்."