ஆண் பூ பறித்த காலை

பூசணிப் பூ பார்ப்பதற்கு அழகு. யாரும் அதைத் தலையில் வைத்துக்கொள்வதில்லை, அவ்வளவுதான். விடியும்போது விரிந்து, வெயில் ஏறுவதற்குள் சுருங்கிவிடும். நீங்கள் டவுன்காரர், சார், பார்த்திருக்க மாட்டீர்கள்.

உத்தனப்பள்ளியில் என் நிலமும் தம்பி நிலமும் ஒட்டியே இருக்கின்றன. தம்பி மோகன்குமார் போன வருஷம் மாரடைப்பில் போய்விட்டான். அவன் பெண்டாட்டி முனிலட்சுமி பேசாமல் மாலூரில் அவள் அண்ணன் வீட்டுக்குப் போயிருக்கலாம். நிலத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றுதான் சொன்னேன். ரோட்டோரம் இருப்பது அவளுடையது. கம்பெனிக்காரர்கள் குடோனுக்கு இடம் தேடுகிற நேரம். அவள் கேட்கவில்லை. கடைசியில் ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் ஒரு பேச்சு முடிந்தது. இந்த ஒரு போகம் அவள் பூசணி போடட்டும். காய்த்தால் நிலம் அவளிடமே இருக்கட்டும், காய்க்காவிட்டால் என்னிடம் விட்டுவிட்டுப் போகட்டும்.

அவள் வரப்பில் தேனீப் பெட்டிகள் வைத்தாள். கொடி பிரமாதமாக வந்தது. எனக்கு வயிறு எரிந்தது, உங்களிடம் மறைக்கவில்லை.

பூசணியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. ஆண் பூவின் மகரந்தத்தைத் தேனீ கொண்டுவந்து சேர்த்தால்தான் பெண் பூவின் அடியிலிருக்கும் பிஞ்சு நிற்கும். இல்லாவிட்டால் மஞ்சளாகி விழுந்துவிடும்.

வண்டு விழுகிறது, மருந்து எப்போது அடிக்கலாம் என்று என்னிடம்தான் வந்து கேட்டாள்.

“காலையில பூ விரிஞ்சிருக்கறப்பவே அடிச்சுடும்மா, அப்பதான் நல்லா புடிக்கும்” என்றேன்.

சாயங்காலம்தான் அடிக்க வேண்டும். அது அவளுக்குத் தெரியவில்லை. தன் தேனீக்களைத் தன் கையாலேயே கொன்றாள். பெட்டிகளுக்கு முன்னால் செத்துக் கிடந்தவற்றை முறத்தில் அள்ளும்போது அழுதாள். நான்தான் ஆறுதல் சொன்னேன்.

ஆனால் பிடிவாதக்காரி. காலையில் ஆண் பூவைக் கிள்ளி, பெண் பூ ஒவ்வொன்றிலும் தானே தொட்டு வைக்க ஆரம்பித்தாள். பிஞ்சு நின்றது. அதனால் அவளுக்கு முன்னால் நான் எழுந்து ஆண் பூக்களைப் பறித்துவிட வேண்டியதாயிற்று. காய் எதையும் நான் தொட்டதில்லை.

“மாமா, ஆண் பூவே காணோம். ஆடு கீடு மேயுதா?”

“மயில் தின்னுதும்மா.”

அன்று அவள் மயிலைத் துரத்த எனக்கும் முன்னால் வந்திருக்கிறாள். நான் போனபோது கொடிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். கணுக்கால் வீங்கியிருந்தது.

“மாமா, கண்ணாடி விரியன் கடிச்சிருச்சு. சீக்கிரம் வண்டிய எடுங்க மாமா.”

அப்போதுதான் பார்த்தேன். எங்கிருந்தோ காட்டுத் தேனீக்கள் வந்து பூவுக்குப் பூ உட்கார்ந்துகொண்டிருந்தன. விட்டிருந்தால் அன்றைய பூ அத்தனையும் பிடித்திருக்கும். நான் குனிந்து ஆண் பூக்களைப் பறிக்க ஆரம்பித்தேன். அவள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நீங்களா மாமா?” என்று மட்டும் கேட்டாள்.

கடைசி வரிசை வரைக்கும் முடித்துவிட்டுத்தான் வண்டியை எடுத்தேன். ஓசூர் போய்ச் சேருவதற்குள் அடங்கிவிட்டாள்.

வேண்டுமென்றே சாகவிட்டேன் என்று எஃப்.ஐ.ஆரில் எழுதியிருக்கிறீர்கள். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள், சார். அவள் பிழைத்து வந்து காய்த்திருக்கிறதா என்று பார்ப்பாள் என நம்பியதால்தானே அத்தனை பூவையும் பறித்தேன்.