மலைமேல் ஒத்திகை

நீங்கள் வரவழைத்த டீ நன்றாக இருக்கிறது, சார். ஏலக்காய் தட்டிப் போட்டிருக்கிறார்கள். நான் நிதானமாகவே சொல்கிறேன். அவசரமாகச் சொன்னால் கெட்டவனாகத் தெரிவேன்.

என் பெயர் ஈஸ்வரபாண்டி. அனுமந்தன்பட்டியில் மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறேன். என் மனைவி ஜோதிலட்சுமி இறந்த பிறகு வீட்டில் பேச்சுச் சத்தம் கிடையாது. மகள் பெங்களூரில் இருக்கிறாள். போன் செய்தால், "மீட்டிங்ல இருக்கேன்ப்பா" என்பாள். அவளைக் குறை சொல்லவில்லை. வேலை அப்படி.

ஹாம் ரேடியோ என்று ஒன்று உண்டு. பரீட்சை எழுதி அரசாங்க உரிமம் வாங்கியவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது. கம்பத்தில் செல்போன் கடை வைத்திருந்த ரஃபிதான் என்னை அதில் இழுத்துவிட்டான். என் மகள் வயதுக்காரன். தினமும் சாயங்காலம் கடையைப் பூட்டுமுன் என்னைக் கூப்பிடுவான். மழை, மின்தடை, அவன் மனைவி ரஃபியா வைத்த மீன் குழம்பு என்று எதையாவது பேசுவோம். பெரிய விஷயம் எதுவும் இருக்காது. அந்தக் கொஞ்ச நேரத்துக்காகத்தான் நான் மீதிப் பொழுதைக் கழித்தேன்.

வருடத்துக்கு ஒருமுறை என் ஜீப்பில் மலை மலையாகப் போவோம். உச்சிக்கு ஏறுவோம், கம்பு நட்டு ஏரியல் ஒயர் கட்டுவோம், டிபன் பாக்ஸ் அளவு ரேடியோ செட்டை பேட்டரியில் ஓட்டி எங்கெங்கோ இருப்பவர்களோடு பேசிவிட்டு இறங்குவோம். இதற்கென்று ஊர் ஊராகப் போகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். இந்த ஐப்பசியில் ஆண்டிபட்டிப் பக்கத்துக் குன்றுகளில் தொடங்கினோம். பிறகு போடிக்கு மேலே. கடைசியாக மேகமலை. தேயிலைத் தோட்டம் முடிகிற இடத்தில் ஜீப்பை நிறுத்திவிட்டு, புல் சரிவில் ஏறினோம்.

உச்சியில் நல்ல காற்று. ரேடியோவில் இலங்கைக்காரர் ஒருவர் கிடைத்தார். ரஃபி அவரோடு சிரித்துச் சிரித்துப் பேசினான். செட்டை அணைத்த பிறகு என்னிடம் சொன்னான்.

"அண்ணே, இதான் நமக்குக் கடைசி மலை. மாமா துபாய்ல கடை எடுத்திருக்காக. ரஃபியாவையும் புள்ளையவும் கூட்டிக்கிட்டு வந்துருன்னு சொல்லிட்டாக."

"எப்ப தம்பி?"

"அடுத்த மாசம். அங்கன போயி ரேடியோவுக்கெல்லாம் ஏது நேரம்? இந்தச் செட்ட நீங்களே வச்சுக்கங்க."

"நல்லது தம்பி," என்றேன். மனதாரத்தான் சொன்னேன். வேறு என்ன சொல்ல முடியும்? அவன் செட்டைத் துடைத்து என் பையில் வைத்தான். தூக்க வசதியாக இருக்கட்டும் என்று அவனுடைய மழைக்கோட்டையும், ஆளுக்கொன்றாக வைத்திருந்த கை ரேடியோக்களில் அவனுடையதற்கான மாற்று பேட்டரியையும் அதே பையில் போட்டுக்கொண்டேன்.

இறங்கும்போது மூடுபனி வந்துவிட்டது. ரஃபிக்கு ஈரப் புல்லில் கால் வழுக்கியது. கீழே பாறை இடுக்கில் போய் விழுந்தான். நான் தள்ளவில்லை. அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். நான் இறங்கிப் போய்ப் பார்த்தேன். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்திருந்தது. அவனைத் தூக்க என்னால் முடியவில்லை. செல்போனில் சிக்னல் இல்லை.

"நீங்க எஸ்டேட்டுக்குப் போயி ஆள் கூட்டியாங்கண்ணே," என்றான். "கையில ரேடியோ இருக்கு. பேசிக்கிட்டே இருப்போம்."

பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. அவனுடைய மழைக்கோட்டு என் பையில் இருப்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. திரும்பி ஏறினால் நேரமாகும் என்று இறங்கிவிட்டேன். அது நியாயம்தானே?

ஜீப்பில் ஏறி உட்கார்ந்தேன். சாவியும் போட்டேன். அப்போது ரேடியோவில் ரஃபி கூப்பிட்டான். "அண்ணே, எங்கன இருக்கீக?" கொஞ்ச நேரத்தில் மறுபடியும், "அண்ணே, குளுருது." அதற்குப் பிறகு விடாமல் கூப்பிட்டான். அவன் என்னை அத்தனை தடவை கூப்பிட்டதே இல்லை, சார். எஸ்டேட்டுக்குப் போனால் ஆள் வருவார்கள், ஆஸ்பத்திரி, மாவுக்கட்டு, பிறகு விமான டிக்கெட். இன்னும் கொஞ்சம் கேட்டுவிட்டுப் போகலாம் என்றுதான் நினைத்தேன். சாவியைத் திருப்பவில்லை. பேசும் பொத்தானையும் அழுத்தவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் வேறொரு குரல் வந்தது. ஞானபாக்கியம் அம்மா. ஆண்டிபட்டியில் இருக்கிறார்கள், தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள், எங்களைப்போல உரிமம் உள்ளவர்கள்.

"ஈஸ்வரபாண்டி அண்ணாச்சி, ரஃபி தம்பி குரல் விட்டு விட்டுக் கேக்குது. யாரும் விழுந்துட்டாகளா? கலெக்டர் ஆபீசுக்குச் சொல்லவா?"

அப்போதுதான் பொத்தானை அழுத்தினேன். "ஒண்ணுமில்லம்மா. ஒத்திகை. ஆபத்து வந்தா எப்படிக் கூப்பிடணும்னு பழகிப் பாக்குறோம்."

எங்கள் ஆட்கள் அப்படி ஒத்திகை நடத்துவது வழக்கம்தான். அதனால் அவர்கள் உடனே நம்பினார்கள்.

ஒரே அலைவரிசை என்பதால் ரஃபிக்கும் அது கேட்டது. "அம்மா, ஒத்திகை இல்லம்மா! நெசம்மா! கால் ஒடிஞ்சு கெடக்கேன்!" என்று கத்தினான்.

ஞானபாக்கியம் அம்மா சிரித்தார்கள். "நானே நெசம்னு நெனச்சுட்டேன் தம்பி. நல்லா பண்றீக. பத்திரமா எறங்குங்க," என்று சொல்லிவிட்டு ரேடியோவை அணைத்துவிட்டார்கள். அவர்கள் மேல் எந்தத் தப்பும் இல்லை. அவர்களை இங்கே கூப்பிட்டு அழவைக்காதீர்கள்.

இருட்டிய பிறகுதான் ரஃபி மறுபடியும் பேசினான். குரல் மெதுவாக இருந்தது.

"நீங்க கேட்டுக்கிட்டுத்தான் இருந்தீகளாண்ணே?"

நான் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டி வைத்தேன்.

"நான் துபாய் போகலண்ணே. மாமாட்ட சொல்லிருதேன். இங்கனயே இருக்கேன். புள்ள மேல சத்தியம். வாங்கண்ணே."

அழுகை வந்துவிட்டது, சார். நான் கேட்க விரும்பியது அது ஒன்றுதான். உண்மையாகவே ஜீப்பைவிட்டு இறங்கி, சரிவு வரைக்கும் நடந்தேன். ஆனால் மேலே போய் அவன் முகத்தை எப்படிப் பார்ப்பது? அவன் எழுந்து நடந்தால் எல்லாரிடமும் சொல்வான். அப்புறம் என்னோடு எப்படிப் பேசுவான்? திரும்பி வந்து ஜீப்புக்குள் உட்கார்ந்தேன். மழை நிற்கவில்லை. அவன் ரஃபியாவைக் கூப்பிட்டான், அம்மாவைக் கூப்பிட்டான், பிறகு என்னை. பேட்டரி தீரத் தீரக் குரல் கரகரத்தது. அப்புறம் வெறும் இரைச்சல்தான். காலையில் எஸ்டேட்டுக்குப் போய் ஆள் கூப்பிட்டேன். அவர்கள் தூக்கியபோது அவன் விறைத்திருந்தான். ரேடியோவை வாயருகே பிடித்தபடியே இருந்தான்.

நான்தான் அவனைச் சாக விட்டேன். எங்கே கையெழுத்துப் போடச் சொன்னாலும் போடுகிறேன். ரஃபியாவின் புகாரில் அவனைத் தனியாக விட்டுவிட்டுப் போனேன் என்று இருக்கிறதாம். அந்த ஒரு வரியை மட்டும் அடித்துவிடுங்கள், சார். மலையில் அவன் தனியாக இல்லை. கடைசி வரைக்கும் நான் கூட இருந்தேன்.