ஹரிதா போட்ட தாழ்ப்பாள்

முயலுக்கு முட்டைக்கோஸ் நிறைய போடக்கூடாது மேடம். வயிறு உப்பிக்கும். காஞ்ச புல்லு, கொத்தமல்லிக் காம்பு, கொஞ்சம் கேரட் தழை, அவ்ளோதான். இதெல்லாம் எனக்கு ஹரிதா சொல்லிக் கொடுத்தது. பொறுமையா, நல்லாவே சொல்லிக் கொடுப்பா. அவமேல குத்தம் சொல்ல நான் நகரியிலேர்ந்து திருப்பதிக்கு பஸ் ஏறி வரல. அவளுக்கு மனசு வைத்தியம் பாக்கற டாக்டர் நீங்க, வூட்டாளுங்க ஒருத்தர்கிட்ட பேசணும்னு கூப்பிட்டீங்க, வந்தேன். உங்களுக்கு தமிழ் வருது, அது நல்லதாப் போச்சி. தெலுங்குல நான் மார்க்கெட்ல பேசுவேன். மனசுல இருக்கறத பேச வராது.

நீங்க கேக்கறது ஒரே ஒரு வார்த்தை. 'அன்னிக்கி தாழ்ப்பாள் நீ போட்டேம்மா, நான் பாத்தேன்'னு அவகிட்ட நான் சொல்லணும். பொய்யா இருந்தாலும் பரவால்ல, அது போதும், எழுந்துடுவான்னு சொல்றீங்க. அது பொய் இல்ல மேடம். அவ போட்டா. நான் பாத்தேன்.

எழுதறத நிறுத்தாதீங்க, எழுதிக்கோங்க. எனக்கு பயம் ஒண்ணும் இல்ல.

என் பேரு தாட்சாயணி. அவ புருஷன் பரணிக்கு நான் அக்கா. எங்கம்மா போறப்ப அவனுக்கு நாலு வயசு, எனக்குப் பதினெட்டு. நைனா லாரியில போய்க்கினு வந்துக்கினு இருந்தாரு. ஊட்டினது, ஜுரத்துல தோள்ல போட்டுக்கினு நடந்தது, ஸ்கூல்ல கையெழுத்து போட்டது எல்லாம் நான். என்னைப் பொண்ணு பாக்க வந்தவங்கள நான்தான் வேணாம்னு திருப்பி அனுப்பினேன். தியாகம் கியாகம்னு எழுதிடாதீங்க. எனக்குப் புடிச்சிது, செஞ்சேன்.

வளந்து ஸ்ரீசிட்டியில கம்பெனி வேலைக்குப் போனான். அங்க ஹரிதாவப் பாத்து, சூளூர்பேட்டை போயி பேசி, கட்டிக்கினு வந்தான். நான் வேணாம்னு சொல்லல. சீர் சாமானோட ஒரு கூண்டுல ரெண்டு முயலும் வந்துச்சி, லட்டு, பூந்தின்னு. எங்க வூட்ல ஏற்கெனவே என் பூனை புஜ்ஜி இருக்குது. எலி புடிக்கறதுல கில்லாடி. ஒரு வாரம் தாங்காதுன்னு தெருவே சிரிச்சுது.

தாங்குச்சி. பூனை படுத்த துணிய ஹரிதா முயலுக்குப் போடுவா, முயல் படுத்தத பூனைக்குப் போடுவா. வெள்ளிக்கிழமை தலைக்கு ஊத்திக்கினு நாங்க சாம்பிராணி போடுவோம். நாங்க முடி காய வச்சதும் மீதிப் புகையில மூணையும் ஒண்ணொண்ணா காட்டுவா. மூணுக்கும் ஒரே வாசனை வந்துட்டா ஒரே குடும்பம்னு நெனச்சிக்கும் அண்ணின்னு சொல்லுவா. ரெண்டே மாசத்துல லட்டு புஜ்ஜி வயித்துல தலை வச்சி தூங்குச்சி. சிரிச்ச தெருவு வாயப் பொளந்துக்கினு வந்து போட்டோ எடுத்துது. ஆனா வெளிய போறப்ப மட்டும் முயலுக்குன்னு விட்டிருந்த பின் ரூமுக்குத் தாழ்ப்பாள் போட்டுடுவா. என்னதான் பழகினாலும் பூனை பூனைதானேன்னு சொல்லுவா. ஒரு நாளும் மறந்தது இல்ல.

அவளுக்கு ஏழாம் மாசம். பரணி மத்தியானம் சோறு துன்னுக்கினே சொல்றான், "அக்கா, கொழந்த பொறந்ததும் தடாவுல வாடகைக்குப் போயிடலாம்னு இருக்கோம். கம்பெனி பக்கம் பாரு. நீ லீவுல வந்து பாத்துட்டுப் போ." லீவுல. வூட்ல குந்தி ஜாக்கெட்டு தைக்கறவ நான், எந்த ஆபீசுல லீவு கேக்கறது. வயிறு எரிஞ்சுது மேடம், மறைக்க மாட்டேன். வாயத் திறந்து, ரசம் ஊத்தட்டுமான்னுதான் கேட்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை ரெண்டு பேரும் ஸ்கேனுக்குப் புத்தூர் போனாங்க. அவ தாழ்ப்பாள் போட்டா. ஒரு தடவ இழுத்தும் பாத்தா. நான் வூட்ல இருந்தாலும், தையல் மிஷின்ல குந்தினா வேற எதையும் கவனிக்க மாட்டேன்னு அவளுக்குத் தெரியும்.

முந்தின நாள் காலையிலேர்ந்து புஜ்ஜிக்கு நான் ஒண்ணும் போடல. அவங்க போனதும் முயல் ரெண்டையும் வாசனை சோப்பு போட்டுக் குளிப்பாட்டி, நல்லா துவட்டி, அதுங்க ரூம்லயே விட்டேன். சாம்பிராணி போடல. பூனைய உள்ள விட்டு கதவ சாத்தினேன். கால் மணி நேரம் ஒண்ணுமே நடக்கல. புஜ்ஜி மோந்து பாத்துட்டு சும்மா குந்திக்கினு இருந்துச்சி. லட்டு வழக்கம்போல அதுகிட்ட ஒண்டப் போச்சி. அந்த அளவுக்குப் பழக்கியிருந்தா, அவளப் பாராட்டத்தான் வேணும். அப்பால நான் ஜன்னல் வழியா ஒரு எவர்சில்வர் தட்டத் தூக்கி உள்ள போட்டேன். முயல் ரெண்டும் மிரண்டு ஓடிச்சி. எதிர்ல ஒண்ணு ஓடினா பூனைக்கு வேற எதுவும் ஞாபகம் இருக்காது. நான் முன் ரூமுக்கு வந்து ஒரு ஜாக்கெட்டுக்கு ஹூக்கு தச்சேன். ஆறு ஹூக்கு. முயல் கத்தும்னு அதுவரைக்கும் எனக்குத் தெரியாது.

சத்தம் அடங்கினதும் தட்ட எடுத்துக் கழுவி வச்சிட்டு, கதவ ஒருக்களிச்சி விட்டேன்.

ஹரிதா வந்து பாத்துட்டு தாழ்ப்பாள இழுத்து இழுத்துப் பாத்தா. "நான் தாழ்ப்பாள் போட்டேனே அண்ணி"ன்னா. "போட்ட மாதிரி நெனச்சிருப்ப கண்ணு, மாசமா இருக்கறப்ப மறதி வரும்"னு சொன்னேன். ஒரு வார்த்தை திட்டல. நானே குழி தோண்டிப் பொதைச்சேன். அதுக்கப்புறம் ரெண்டு தடவ அவ அணைச்ச கேஸ் அடுப்ப லேசா திறந்து விட்டேன், நானே வாசனை வருதுன்னு ஓடிப்போயி அணைச்சேன். நான் ஓடி அணைக்கறத பரணி பாத்துக்கினு இருந்தான்.

பிரசவத்துக்கு அம்மா வூட்டுக்குப் போயி, மூணாம் மாசம் பொண்ணோட வந்தா. வந்தவ புடவையில தூளி கட்டினா, ரெண்டு முடிச்சு. அவ குளிக்கப் போனப்ப ஒண்ண அவுத்து, இன்னொண்ண தளத்தி வச்சேன். கீழ மெத்தை போட்டுத்தான் செஞ்சேன், நான் ராட்சசி இல்ல. பாப்பாவுக்கு நெத்தியில புளியங்கொட்டை அளவுக்கு வீங்கிச்சி, அவ்ளோதான். அன்னியிலேர்ந்து ஹரிதா கொழந்தையத் தூக்கல. ஒரு கதவு சாத்தத் தெரியாதவகிட்ட கொழந்தையக் கொடுக்காதீங்கன்னு அவளே அழுதா. அவ அண்ணன் சுனில் வந்து சூளூர்பேட்டைக்குக் கூட்டிக்கினு போனான். அப்பால உங்ககிட்ட மாத்திரை. பாப்பா என்கிட்ட. தடா பேச்சை பரணி எடுக்கறதே இல்ல.

இப்ப சொல்லுங்க. அந்த ஒரு வார்த்தைய நான் சொன்னா அவ எழுந்துடுவா, எனக்கும் தெரியும். எழுந்தா நேரா வந்து கொழந்தையத் தூக்கிக்கினு போயிடுவா. சொல்ல மாட்டேன். நீங்க வேணும்னா பரணிகிட்ட சொல்லுங்க. அவன் நம்பட்டும் பாக்கலாம். நாலு வயசுலேர்ந்து என் கையால துன்னவன்.

அவகிட்ட எனக்கு ஒரு கோவமும் இல்ல. தினம் சாயங்காலம் போன் பண்றா. "அண்ணி, அன்னிக்கி நான் போட்டேனா இல்லையா, சத்தியமா சொல்லுங்க"ன்னு அதையே கேக்கறா. நானும் சலிச்சிக்காம, "அத விடு கண்ணு, உன்ன நான் எப்பவோ மன்னிச்சிட்டேன்"னு சொல்றேன்.

மனசாரத்தான் சொல்றேன் மேடம்.